கெளுத்தியும் தேளியும்: ஒரே ஊர்த் தண்ணீர், இரண்டு மூச்சு

1794இல் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் எலீசர் ப்ளோக், தாம் எழுதிவந்த அயல்நாட்டு மீன்கள் பற்றிய பெருநூலில் மீசை வைத்த இரண்டு மீன்களைச் சேர்த்தார். இரண்டுமே தரங்கம்பாடி மீன்கள். அப்போது அந்த ஊர் டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. அங்கிருந்த ஜான் என்ற மிஷனரி மீன்களைச் சேகரித்து ப்ளோக்குக்கு அனுப்பிவந்தார். ப்ளோக் இரண்டையும் ஒரே பேரினத்தில் அடைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்து, ஒன்றை மிஸ்டஸ் விட்டேட்டஸ் என்றும் மற்றதை ஹெட்டிரோப்நியூஸ்டிஸ் ஃபோசிலிஸ் என்றும் வைத்தார்கள். காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு அந்தப் பிரிவினை புதிதல்ல. முன்னது கெளுத்தி, பின்னது தேளி. இரண்டையும் ஒரே கூடையில் போடமாட்டார்கள், ஒரே சட்டியிலும் வைக்கமாட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் ருசி வேறு, முள் வேறு என்று பலவாறு சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கெளுத்தி தண்ணீருக்குள் மூச்சு விடுகிற மீன். தேளி மேலே வந்து காற்றையும் குடிக்கிற மீன். எங்கே பிடிப்பது, எந்த மாதத்தில் பிடிப்பது, எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது, புளி எவ்வளவு ஊற்றுவது, மறுநாள் குழம்பு நிற்குமா நிற்காதா என்பதெல்லாம் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் ஆளைப் பார்த்துக்கொள்வோம். கெளுத்தி பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கும். பளபளக்கும் வெளிர் உடம்பில் நீளவாட்டில் கருங்கோடுகள், செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு, வால் கவட்டையாகப் பிளந்திருக்கும். முதுகில் நிமிர்ந்த ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். தேளி ஒரு முழத்துக்கும் குறைவாக நீண்டு, கத்திரிக்காய்க் கறுப்பில், பாம்புக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கிற உருவம். வால் வட்டம். முதுகுத் துடுப்பு இருக்கிற இடம் தெரியாத அளவுக்குச் சின்னது. வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்போ வால்வரை ஓடும். முதுகில் முள் கிடையாது. கன்னத்தின் இரு பக்கமும் உள்ள இரண்டு கொடுக்குகள் போதும் அதற்கு. இரண்டுக்கும் செதில் இல்லை, இரண்டுக்கும் நான்கு ஜோடி மீசை.

கெளுத்தியைத் தேடுகிறவன் ஓடுகிற தண்ணீரைத் தேடுகிறான். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டிக் கிளையாறுகளில் பிரிந்து, கன்னி வாய்க்காலில் நுரையும் சருகுமாக வந்து விழும்போது, மதகுக்குக் கீழே சுழலுகிற இடத்தில் கெளுத்தி கூடும். செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீனுக்கு அலைந்து புரளும் தண்ணீரில்தான் தெம்பு. அங்கே சின்னக் கொக்கியும் நெட்டித் தக்கையும் மண்புழுவும் போதும். பொழுது சாயும் நேரம் நல்லது. தண்ணீர் கலங்கியிருந்தால் பகலிலும் கடிக்கும். கெளுத்தி தயங்குவதில்லை. தக்கை ஒருமுறை துடிக்கும், அடுத்த கணம் சாய்ந்து ஓடும்.

தூக்கிக் கரையில் போட்டால் கர்கர் என்று ஒரு சத்தம் கேட்கும். பிள்ளைகள் மீன் கத்துகிறது என்பார்கள். பக்கத்து முள்ளின் அடிப்பாகம் அதன் குழியில் உரசுகிற சத்தம் அது. முள் நிமிர்ந்ததும் எலும்பு எலும்போடு பூட்டிக்கொள்ளும்; கீழே அழுத்தினால் மடங்காது. செத்த பின்னும் விறைத்து நிற்கிற முள் அதனால்தான். கொக்கியைக் கழற்றத் தெரிந்தவர்கள் மீனை மேலிருந்து அமுக்குவதில்லை. வயிற்றுப் பக்கமாக உள்ளங்கையைக் கொடுத்து, விரல்களைப் பக்கத்து முட்களுக்குப் பின்னால் கொண்டுபோய் அணைத்துப் பிடிப்பார்கள். முள்ளின் நுனி பக்கவாட்டில் நீட்டி நிற்கும். கை பின்னாலிருந்தால் பயமில்லை. தப்பித்தவறிக் குத்தினால் சுரீர் என்று வலித்து, ரத்தம் வந்து, சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும்.

தேளிக்கு வேறு பருவம், வேறு இடம். அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. அதற்குப் பிறகு வாய்க்கால் வறண்டு, குளம் குட்டையாகி, குட்டை சேறாகும். கெண்டையும் கெளுத்தியும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கிற அந்தக் கடைசித் தண்ணீரில் தேளி சௌகரியமாக இருக்கும். அதன் செவுள் அறையிலிருந்து இரண்டு நீளமான காற்றுப் பைகள் முதுகெலும்பின் இரு பக்கமும் சதைக்குள்ளேயே வால் பக்கம்வரை போகின்றன. தண்ணீரில் காற்று தீர்ந்தால் மேலே வந்து ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கிவிடும். அந்த மூச்சுதான் அதைக் காட்டியும் கொடுக்கிறது. அசையாத குட்டையில் ஒரு சுழிப்பு, பிறகு வரிசையாகச் சில குமிழிகள். குட்டை இறைக்கிறவர்கள் இறைப்பதற்கு முன்பே கரையில் குந்தி இதைப் பார்த்து, எத்தனை தேறும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்கும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் சட்டென்று அழுத்திவிட்டு, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். விராலுக்கும் கெண்டைக்கும் அது சரி. உள்ளே சிக்கியது தேளியாக இருந்தால் அந்தக் கையின் கதி என்ன? அனுபவசாலிகள் முதலில் ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பார்கள். வழுவழுவென்று நெளிந்தால் கையை விடமாட்டார்கள். சேற்றோடு கூடையில் அள்ளிக் கரையில் கொட்டி, சாம்பலோ உலர்ந்த மண்ணோ தூவி, வழுக்கல் போன பிறகு தலைக்குப் பின்னால் பிடிப்பார்கள்.

தேளியின் கொடுக்கில் விஷம் உண்டு. குத்தினால் நெருப்பு வைத்தது போல எரிந்து, கை முழுக்க ஏறி, வீங்கும். ஊரில் சுண்ணாம்பு தடவுவார்கள். அதைவிடப் பலன் தருவது வெந்நீர். அந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம். பொறுக்கும் அளவுச் சூட்டில் அரை மணி நேரமாவது கையை வைத்திருந்தால் வலி இறங்கும். அப்புறம் முள் துண்டு உள்ளே நிற்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சேற்றுக் காயத்தை யாரும் லேசாக எடுக்கக் கூடாது.

கொண்டுவருவதிலும் இரண்டும் எதிரெதிர். கெளுத்தி பிடிபட்ட கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், செதில் இல்லாததால் வெயிலில் சீக்கிரம் கெட்டும் போகும். ஈரத்துணியோ ஆகாயத்தாமரை இலையோ போட்டு மூடி, அன்றைக்கே சட்டி ஏற வேண்டும். தேளியைப் பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போட்டால் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். பானையை வாய்வரை நிரப்பி இறுக்கமாக மூடிவிடக் கூடாது. மேலே வந்து மூச்சு வாங்க இடம் வேண்டும். தண்ணீரில் வாழ்கிற பிராணி தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும் என்பது கேட்க விநோதமாக இருக்கலாம், தேளிக்கு அது நடக்கும். வங்காளத்தில் சிங்கி என்ற பெயரில் இதே மீனை நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உயிரோடு வாங்கிச் சமைத்துப் போடுகிறார்கள். அடுப்படிவரை உயிரோடு வருகிற மீன் என்பதே அந்த மதிப்புக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி அரிவாள்மணை. கெளுத்திக்கு மூன்று முள்ளையும் அடியோடு முறித்துவிட்டு, குடலை எடுத்து, சொரசொரப்பான சட்டியில் கல்லுப்புப் போட்டு நுரை போகும்வரை உரசினால் போதும். தலையை வீசக் கூடாது; குழம்பில் நெய் மிதப்பது அந்தத் தலையால்தான். தேளிக்கு எதற்கும் முன்னால் கொடுக்கு. மீன் அடங்கியபின்தான் அதில் கத்தி வைக்க வேண்டும். பிறகு சாம்பல், அதற்குப் பிறகு உப்பும் மஞ்சளும், மூன்று நான்கு தண்ணீர். தோலின் கறுப்பு லேசாக வெளுக்கும்வரை விடக் கூடாது. குறுக்கே துண்டு போடும்போது முதுகெலும்பின் இரு பக்கமும் பென்சில் நுழைகிற மாதிரி ஒவ்வொரு துளை தெரியும். அதுதான் அந்தக் காற்றுப் பை. தண்ணீரை ஓடவிட்டு அந்தத் துளையையும் கழுவுகிற வீட்டில் தேளி வாடை அடிக்காது.

சேற்று வாடைக்கு ஜியோஸ்மின் என்று பெயர். தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற பொருள் அது. மழை விழுந்த மண்ணில் மணமாக இருக்கிற அதே பொருள் மீன் சதையில் ஏறினால் முகம் சுளிக்க வைக்கிறது. புளிப்பில் அது உருமாறி வாடை இழக்கும். தேளிக் குழம்புக்குக் கெட்டியாகப் புளி கரைக்கிற பழக்கத்தின் பின்னால் இப்படி ஒரு ரசாயனம் இருக்கிறது. ஓரிரண்டு நாள் நல்ல தண்ணீரில் போட்டு வைத்தாலும் வாடை குறையும். சாகாமல் கிடக்கிற மீன் என்பதால் அந்த வசதியும் தேளிக்கு வாய்க்கிறது. ஓடும் தண்ணீர்க் கெளுத்திக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

அதனால் கெளுத்திக் குழம்பு இலேசாக இருக்க வேண்டும். மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், கறிவேப்பிலை, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், தக்காளி. மல்லித்தூள் தூக்கலாக, மிளகாய் அளவாக. புளித்தண்ணீர் நீர்க்க. குழம்பு கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு மாங்காய்த் துண்டு, அது பாதி வெந்ததும் மீன். கெளுத்திச் சதை வெண்ணெய் மாதிரி. கரண்டி போட்டால் தீர்ந்தது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். மீனைத் தின்பதைவிட மீன் இறங்கிய குழம்பைத் தின்கிற சுகம் அது. மறுநாள் வைத்தால் துண்டு கரைந்து எலும்புதான் மிஞ்சும்.

தேளியில் சதையே பிரதானம். இறுக்கமான சதை, நடுமுள் தவிரத் தொந்தரவு இல்லை. மிளகும் சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் அம்மியில் மையாக அரைத்து, நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கெட்டிப்புளி ஊற்றிச் சுண்ட வைக்கவேண்டும். மீனை முன்னதாகவே போடலாம். அரை மணி கொதித்தாலும் உடையாது, மசாலா உள்ளே இறங்கக் கொதிக்கத்தான் வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றுகிற வீடுகளும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. இரவு வைத்த தேளிக் குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்குத்தான் முழு ருசிக்கு வரும். அன்றைய சாப்பாட்டுக்கு எதைக் கேட்பாய் என்றால் கெளுத்தி என்பேன். இரண்டு நாளைக்கு என்றால் தேளி.

புதுத்தண்ணீரில் பிடிபடும் கெளுத்தி பெரும்பாலும் சினையோடு இருக்கும். சினைக் கெளுத்திக்குத் தனிக் கிராக்கி, விலையும் கூடுதல். ஒரு மீனின் வயிற்றில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன. தூண்டிலில் ஒன்றிரண்டு எடுப்பது வேறு. மதகின் குறுக்கே கொசுவலையைக் கட்டி மொத்தத்தையும் வாரி எடுப்பது வேறு. பின்னதை எந்த ருசியும் நியாயப்படுத்தாது. தேளிக்கு ஆபத்து வேறு திசையில் வருகிறது. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து வடிந்து சேரும் இடம் அதன் குட்டை. தூர்வாரும் இயந்திரம் குளத்தை அடிவரை வழித்துச் சட்டியாக்கிவிட்டால், கோடையைச் சேற்றில் கழிக்கிற மீனுக்குப் போக்கிடமில்லை. ஒரு மூலையில் ஆழமான பள்ளத்தையும் கொஞ்சம் கோரையையும் விட்டுவைப்பது தூர்வாருகிறவர்களுக்குப் பெரிய செலவில்லை.

இரண்டுக்கும் பொதுவான பகை ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். திருட்டுத்தனமாக வளர்த்த குட்டைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பி ஆறு குளமெல்லாம் பரவிவிட்டது. அதுவும் காற்றைக் குடிக்கும், கிலோக் கணக்கில் வளரும், வாயில் அடங்குகிற எதையும் தின்னும். நம் கெளுத்திக் குஞ்சும் தேளிக் குஞ்சும் அதன் தீனி. சந்தையில் அதையே துண்டு போட்டு, நாட்டுத் தேளி என்று விற்கிறார்கள். வாங்கித் தின்று, தேளி என்றாலே சாக்கடை வாடை என்று முடிவு கட்டியவர்கள் பலர். துண்டு போட்ட மீனை வாங்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள். முதுகைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை நீளமாகத் துடுப்பு ஓடினால் அது தேளியல்ல. விரல் நகத்தளவுத் துடுப்பு ஒன்று முன்முதுகில் ஒட்டியிருந்தால் தேளி. நிமிர்ந்த முள்ளோடு ஒரு துடுப்பும், அதற்குப் பின்னால் எலும்பில்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்றும், பிளந்த வாலும் இருந்தால் கெளுத்தி.