ஈயம் ஆறுகிற நேரம்

‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சோற்றுக்காகப் பிறந்த பழமொழி. துப்பாக்கிக் குண்டுக்கும் அது பொருந்தும் என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் மேல்நாடுகளில் பொழுதுபோக்காக வீட்டிலேயே குண்டு வார்த்துக்கொள்கிறவர்களைக் கேட்டால் சிரிக்கமாட்டார்கள். வார்த்த குண்டை எத்தனை நாள் ஆறப் போட்டுப் பிறகு சுடவேண்டும் என்பது அவர்களிடையே ஓயாத விவாதம். ஒரு வாரம் போதும் என்பார் ஒருவர். இரண்டு வாரம் வேண்டும் என்பார் இன்னொருவர். பொறுமைசாலி ஒருவர் ஒரு மாதம் என்பார்.

இந்த விவாதம் காதில் விழுந்தபோது என் நினைவு நேரே பெருமுக்கலுக்குப் போயிற்று.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிறது பெருமுக்கல். பழனி மலையைப் போல ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். பாறைமேல் பாறையாக அடுக்கிவைத்தாற்போன்ற குன்றுதான். மேலே சோழர் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கிய சிவன் கோயில். சீதை குகை என்று ஊரார் சொல்லும் இடத்தில், எழுத்து என்ற ஒன்றை அறியாத ஆதி மனிதர்கள் பாறையில் கீறிவைத்த கோடுகள். இத்தனை பழமைக்கும் நடுவே, பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் குன்று ஒரு கோட்டையாகவும் இருந்தது. வெள்ளைக்கார சரித்திராசிரியர்களின் நாக்கு அதைப் ‘பெர்மகோயில்’ ஆக்கிவிட்டது.

1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படை அயர் கூட்டிடம் தோற்றது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை நோக்கிப் பின்வாங்கியபோது பெருமுக்கலில் ஒரு காவற்படையை விட்டுவைத்தார்கள். அந்தச் சிறு படை சுலபமாகப் பணிந்துவிடவில்லை. கூட் கோட்டையைப் பிடித்தார். பிடிக்கும்போது தாமும் காயமடைந்தார். அந்தக் காயம் இன்னும் சற்றுப் பலமாகப் பட்டிருந்தால் 1761 ஜனவரியில் புதுச்சேரி அவரிடம் சரணடைந்திருக்குமா, 1781-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை அவர் எதிர்த்து நின்றிருப்பாரா என்று கதை எழுதுகிறவன் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

அன்றைய சிப்பாயின் தோளில் இருந்த துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல அகலம். குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. ஒரு ராத்தல் ஈயத்துக்குப் பதினாலு குண்டு. மருந்துக் கரி படிந்த குழலுக்குள் குண்டு தடையின்றி இறங்கவேண்டும் என்பதற்காகவே அந்தத் தளர்ச்சி. தேர்ந்த சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். குறி தவறினாலும் பாதகமில்லை. வரிசையாக நின்று சுட்டால் யார் மேலாவது படும் என்பதுதான் யுத்த சாஸ்திரம்.

சரி, அந்தக் குண்டை எத்தனை நாள் ஆறப் போட்டார்கள்? ஒரு நாளும் இல்லை. கை பொறுக்கிற அளவுக்குச் சூடு தணிந்தால் போதும். காரணம், அது பெரும்பாலும் கலப்பில்லாத காரீயம். (நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு வேறு, அது வெள்ளீயம்.) சுத்தமான காரீயம் வார்த்த அன்று எவ்வளவு மெதுவாக இருந்ததோ, வருஷங்கள் கழித்தும் அவ்வளவு மெதுவாகவே இருக்கும். அதற்கு ஆறப் பொறுப்பதால் ஒரு லாபமும் இல்லை.

காத்திருக்கவேண்டிய அவசியம், ஈயத்தோடு ஆண்டிமனி சேர்ந்தபோது வந்தது. நம் வைத்தியர்கள் அறிந்த அஞ்சனக்கல்லிலிருந்து கிடைக்கும் உலோகம் அது. இதைப் புரிந்துகொள்ள மரக்காணத்து உப்பளத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பாத்தியில் நீர் வற்ற வற்ற, தாங்கமுடியாத உப்பை அது கீழே விட்டுவிடுகிறது அல்லவா? உருகிய ஈயமும் அப்படித்தான். சூட்டில் ஆண்டிமனியைத் தாராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறி இறுகியபின் அவ்வளவையும் தாங்கமுடியாது. இறுகிவிட்ட உலோகத்துக்கு உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத பொடிகளாக, நாட்கணக்கில் மெல்ல மெல்லப் பிரியவிடுகிறது. அந்தப் பொடிகள் ஈயத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஆப்புப்போல நிற்கின்றன. குண்டு கெட்டிப்படுகிறது. சூடாக இருக்கும்போதே தண்ணீரில் போட்டுவிட்டால் இன்னும் அதிகமாகக் கெட்டிப்படும். முதல் சில நாட்களில் வேகமாகவும் பிறகு மந்தமாகவும் நடக்கிற இந்தக் காரியம் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே விவாதக்காரர்களில் இரண்டு வாரம் என்றவர் பக்கமே நான் தீர்ப்புச் சொல்வேன். வருஷக்கணக்கில் போட்டுவைத்தாலோ, தண்ணீரில் ஆற்றிய குண்டு பெற்ற பலத்தில் கொஞ்சத்தை இழந்துவிடுகிறது.

உலோகம் சும்மா கிடந்தே கெட்டிப்படும் என்பதை 1906-ல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்பவர் அலுமினியக் கலவை ஒன்றில் கண்டறிந்தார். ஆகாய விமானங்களுக்குப் பயன்பட்ட டுராலுமின் அதிலிருந்து பிறந்தது.

ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஈயம் கெட்டியாக இருப்பதை ராணுவங்கள் விரும்பவே இல்லை. 1849-ல் வந்த மினியே குண்டு பின்புறம் குழிவானது. வெடிக்கும்போது அது விரிந்து குழலின் மரைகளைக் கவ்வவேண்டும்; அதற்கு ஈயம் மெதுவாக இருக்கவேண்டும். 1853-ஆம் வருஷத்து என்பீல்டு துப்பாக்கியும் அந்த வழிதான். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றி 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் கிளம்பிய வதந்தி என்ன செய்தது என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பிறகுதான் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குப் பன்னிரண்டு பங்கு ஈயத்தோடு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தார்கள். மருந்தின் வேகம் இன்னும் கூடியதும் ஈயத்துக்கு மேல் வேறு உலோகத்தால் சட்டை போட்டார்கள்.

இங்கேதான் என் மனத்தை உறுத்துகிற விஷயம் வருகிறது. கெட்டியான குண்டு கொடுமையானது, மெதுவான குண்டு சாது என்று நாம் நினைப்போம். உண்மை அதற்கு நேர்மாறு. மெதுவான ஈயம் எலும்பில் பட்டதும் தட்டையாகி, எலும்பை நொறுக்கி, சதையைக் கிழித்துக்கொண்டு போகும். காலையோ கையையோ எடுப்பதைத் தவிர அக்காலத்து ரண வைத்தியனுக்கு வழி தெரியாது. சட்டை போட்ட குண்டு அவ்வளவு சிதைப்பதில்லை என்பதால், அதே டம்டம் தொழிற்சாலையில் 1890-களில் குண்டின் மூக்கை மட்டும் மூடாமல் ஈயமாகவே விட்டார்கள். 1899-ல் ஹேக் நகரில் கூடிய மகாநாடு, உடம்புக்குள் எளிதில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. ஆறப் பொறுக்காத ஈயத்தைப் பற்றி உலகம் சொன்ன தீர்ப்பு என்று அதைக் கொள்ளலாம்.

பெருமுக்கலில் விழுந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்தது. 1780-ல் ஹைதர் முற்றுகையிட்டார், கோட்டை விழவில்லை. 1782-ல் எடுத்துக்கொண்டார். 1783-ல் மறுபடி ஆங்கிலேயர். கூட் காயம்பட்டது சரித்திரத்தில் இருக்கிறது. அவருக்கு முன்னே ஏறிய கறுப்புச் சிப்பாய்களில் எத்தனை பேர் காலை இழந்து திண்டிவனத்துச் சாலையில் திரும்பினார்கள் என்று எழுதிவைக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

ஈயம் இரும்பைப்போல் துருப்பிடித்து உதிர்ந்துபோவதில்லை. மேலே வெள்ளையாக ஒரு தோல் பூத்து, உள்ளே அப்படியே கிடக்கும். அந்தச் சரிவுகளின் மண்ணில் இன்னும் ஒரு குண்டு கிடக்குமானால், இருநூற்றறுபது வருஷம் ஆறியும் அது கொஞ்சமும் கெட்டிப்பட்டிருக்காது. நகத்தால் கீறினால் கோடு விழும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் யாராவது அதைக் கண்டெடுத்தால் வாயில் போடாமல் கையைக் கழுவிக்கொள்ளச் சொல்லவேண்டும். காரீயம் விஷம், அந்தக் குணமும் ஆறப் போட்டுப் போவதில்லை.