மார்கழி நோன்பும் பனிப்பருவ ஓய்வும்

முன்னுரை

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் கௌதள்ளி. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பு வரை கொள்ளேகால் வட்டம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்து, 1997இல் சாமராசநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் ஒரே பனிக்காலம் தமிழில் மார்கழி என்றும் கன்னடத்தில் தனுர்மாசம் என்றும் பெயர் பெறுகின்றது. இரு வழக்கிலும் அம்மாதத்தில் திருமணம் முதலியவற்றைத் தவிர்ப்பர். இதனால் மார்கழியைப் ‘பீடை மாதம்’ எனக் கருதும் எண்ணம் மக்களிடையே நிலவுகின்றது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இலக்கியச் சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

பருவமும் தொழிலும்

தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகளுள் முன்பனி ஒன்று. மார்கழியும் தையும் அதற்குரியன. வடநாடுகளில் உறைபனி மனிதரை வீட்டினுள் அடைத்துவிடும்; தமிழகத்துப் பனி அத்தகையதன்று. எனினும் வடகிழக்குப் பருவமழை தணிந்து, சம்பாப் பயிர் முற்றிவரும் காலம் இது. நடவும் களையெடுப்பும் முடிந்தன. அறுவடை தையில்தான் தொடங்கும். இவ்விடைவெளியே நோன்புக்கு உரியதாயிற்று எனலாம்.

நோன்பின் வளர்ச்சி

தைந்நீராடல் பற்றிய குறிப்புகள் சங்க இலக்கியத்துள் காணப்படுகின்றன. நல்லந்துவனார் பாடிய பரிபாடல் 11ஆம் பாடல், மார்கழித் திருவாதிரையில் கன்னியர் வையையில் ஆடிய அம்பாவாடலைக் கூறுகின்றது. முதுபெண்டிர் முறைகாட்ட, நிலம் குளிர வேண்டுமென வேண்டி, பனி மிகுந்த வைகறையில் நீராடிய மகளிர், அந்தணர் வளர்த்த தீயருகே ஈர ஆடையை உலர்த்துகின்றனர். இந்நோன்பே பின்னர் ஆண்டாளின் 30 திருப்பாவைப் பாடல்களிலும் மாணிக்கவாசகரின் 20 திருவெம்பாவைப் பாடல்களிலும் பத்தி நெறியாக வளர்ந்தது.

திருப்பாவையின் இரண்டாம் பாடல் நோன்பின் ஒழுக்கத்தை வரையறுக்கின்றது. நெய்யும் பாலும் நீக்குதல், மையும் மலரும் அணியாமை, புறங்கூறாமை, இயன்றவரை ஈதல் ஆகியன அதன் கூறுகள். உணவு, ஒப்பனை, பேச்சு ஆகிய மூன்றும் இங்குச் சுருங்க, கொடை மட்டும் விரிகின்றது. 27ஆம் பாடலில் நெய் பெய்த பாற்சோற்றோடு கூடியிருந்து குளிர்தல் கூறப்படுதலின், இவ்வெளிமை உலகை வெறுத்ததன்று என்பதும், ஒரு காலவரைக்கு உட்பட்ட பயிற்சி என்பதும் பெறப்படும்.

எல்லை கடந்த வழக்கு

கன்னட நாட்டு வைணவக் கோயில்களிலும் மார்கழியில் திருப்பாவை தமிழிலேயே ஓதப்பெறுகின்றது. விடியுமுன் வழிபட்டு, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துச் சமைத்த ஹுக்கியைப் படைப்பது அங்குள்ள தனுர்மாச வழக்கம். கடல் கடந்து, தாய்லாந்து அரண்மனைச் சடங்கொன்று ‘திரியம்பாவாய் – திரிபாவாய்’ எனத் திருவெம்பாவை, திருப்பாவைப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. அதன் பகுதியாக பாங்காக்கில் நிகழ்ந்த பெரிய ஊஞ்சல் விழா 1935இல் நிறுத்தப்பட்டது.

முடிவுரை

தட்சிணாயனம் தேவர்க்கு இரவு எனக் கொள்ளும் மரபில், அதன் இறுதி மாதமாகிய மார்கழி வைகறையாகும். வைகறை தீய பொழுதன்று. பிற பணிகள் தொடங்குமுன் மனம் ஒருமைப்படும் பொழுது. திருமணத்தை விலக்கியதும் அதற்கு இடம் ஒழித்தலே என்று கொள்வது மேற்கண்ட சான்றுகளோடு இயைகின்றது. பாவைப் பாடல்கள் உறங்குவோரை எழுப்புவன ஆதலின், தமிழர் கண்ட பனிக்கால ஓய்வு துயிலாகாது. ஆரவாரம் குறைத்து விழித்திருத்தலே அது. 1927 சென்னைக் காங்கிரசு மாநாட்டையொட்டி முளைத்த இசைவிழா இன்று திசம்பர் மாதத்தை நிகழ்ச்சிகளால் நிரப்பியிருக்கின்றது. அவ்விசைக்கு நடுவிலும் நோன்பின் அமைதிக்குச் சிறிது இடம் வைத்தல், மார்கழியைப் பீடை எனத் தள்ளுவதினும் மரபுக்கு நெருக்கமானதாகும்.