நவாப்: ஒரு பிரதிநிதியின் பட்டம்

கரிசல் காட்டில் வரிப் பாக்கிக்கு வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று 'கிஸ்தி'. பங்கு, தவணை எனப் பொருள்படும் 'கிஸ்த்' என்னும் அரபுச் சொல்லே அது. அந்தக் கிஸ்தி யார் பெயரால் கேட்கப்பட்டதோ, அவருடைய பட்டமும் அரபியிலிருந்து வந்ததுதான்: நவாப்.

அரபியில் 'நாயிப்' என்றால் பிரதிநிதி. இன்னொருவர் இடத்தில் இருந்து காரியம் பார்ப்பவர். அதன் பன்மை 'நுவ்வாப்'. ஒருவரையே நாம் 'அவர்கள்' என்று மரியாதையாகச் சொல்வதுபோல, பாரசீகத்திலும் உருதுவிலும் அந்தப் பன்மை ஒருவருக்கே உரிய பட்டமாகி 'நவாப்' என நின்றது. பட்டத்தின் வேரில் இருப்பவன் அரசனல்லன், அரசனின் ஆள்.

வரலாறும் அப்படியே இருந்தது. முறைப்படி ஆற்காட்டு நவாப் தக்காணத்து நிஜாமின் பிரதிநிதி. நிஜாம் தில்லி பாதுஷாவின் பிரதிநிதி. முகம்மது அலி வாலாஜா 1765இல் பாதுஷாவின் ஃபர்மான் பெற்று நிஜாமின் பிடியிலிருந்து விலகினார். ஆனால் அவருடைய அரியணையைத் தாங்கி நின்றது கும்பினியின் படை. அந்தச் செலவுக்காகக் கும்பினி ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கி, சீமைகளின் வரி வருவாயை ஈடாக எழுதிக் கொடுத்தார்.

இதற்குள் அச்சொல் ஆங்கிலத்தில் 'நேபாப்' ஆகியிருந்தது. இந்தியாவில் பணம் குவித்துத் திரும்பிய கும்பினிக்காரனை லண்டன்வாசிகள் அப்பெயரால் ஏளனம் செய்தனர். சாமுவேல் ஃபூட் 1772இல் அதே தலைப்பில் ஒரு நகைச்சுவை நாடகம் மேடையேற்றினார். 1785இல் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபின் கடன்கள் குறித்து நாடாளுமன்றத்தில் பேசி, பால் பென்ஃபீல்டு முதலிய கடன்காரர்களைச் சாடினார். கடன் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் ஒரே பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடனை அடைத்தது யார்? 1792 ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் நவாபின் பெயரால் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பினிக்குக் கிடைத்தது. பிரதிநிதிக்கே ஒரு பிரதிநிதி! கரிசல் மண்ணோ வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் தரும் மானாவாரி நிலம். மழை தவறலாம்; தவணை தவறக்கூடாது. கப்பத் தகராறு முற்றி, பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து, 1799 அக்டோபர் 16 அன்று கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் நவாபின் ஆட்சியையும் கும்பினி எடுத்துக்கொண்டது. வெறும் பெயராக எஞ்சிய பட்டம் 1855இல் ஒழிந்தது. 1867இல் அக்குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட புதுப் பட்டமும் அரபுச் சொல்லே: 'அமீர்', அதாவது ஆணையிடுபவர். ஆணையிட அப்போது நாடு இல்லை.

பாதுஷா, நிஜாம், நவாப், கும்பினி என்று ஒவ்வொருவரும் மற்றவர் பெயரால் கேட்டனர். கரிசல் சம்சாரிக்கு மட்டும் பிரதிநிதி எவருமில்லை. தன் பங்கை அவன்தான் கட்டினான்.