வரி குறைகிற இடம்

லினக்ஸ் கெர்னல் டிரைவர் ஒன்றுக்கு "சின்னச் சுத்தம்தான்" என்று பேட்ச் வந்தால், டிரைவரைக் கழற்றும் பகுதியைத்தான் முதலில் படிப்பேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம் பழைய டிரைவர்களைத் திறந்து காட்டுவேன்.

மெமரி வாங்கு, கிளாக்கை ஓடவிடு, இன்டரப்டைப் பதிவுசெய் என்று அவற்றின் தொடக்கப் பகுதி நீளும். நடுவில் ஒன்று கிடைக்காவிட்டால் அதுவரை வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பித் தர வேண்டும். அதற்கென்றே ஃபங்ஷனின் அடியில் கோட்டூ லேபிள்கள் படி படியாக அடுக்கியிருக்கும். ஒரு படி விட்டுப்போன டிரைவர்கள் ஏராளம். அந்த வழியில் கெர்னல் போவதே அபூர்வம் என்பதால் சோதனையில் எளிதில் சிக்காது; பெரும்பாலும் கண்ணால் படித்துத்தான் பிடித்தார்கள்.

2007-இல் டேஜுன் ஹியோ டெவ்ரெஸ் என்ற ஏற்பாட்டைக் கெர்னலுக்குக் கொண்டுவந்தார். 'டெவ்எம்' என்று தொடங்கும் ஃபங்ஷன்களால் வாங்கியதை, டிரைவர் விலகியதும் கெர்னலே தலைகீழ் வரிசையில் விடுவித்துவிடும். லேபிள் அடுக்கு தேவையில்லை. அருமையான வேலை அது. டிரைவர் டிரைவராக இந்த மாற்றத்தைச் செய்யும் பேட்ச்கள் வரத் தொடங்கின. எழுத்து நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கெர்னலில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். ஜூலியா லாவலும் கூட்டாளிகளும் உருவாக்கிய காக்சினெல், ஒரே மாதிரியான மாற்றத்தை நூற்றுக்கணக்கான கோப்புகளில் செய்ய வழி தந்தது.

பாதி மாற்றம்தான் ஆபத்து. இன்டரப்ட் மட்டும் டெவ்எம்முக்கு மாறி, கிளாக்கை நிறுத்தும் வரி பழையபடி டிரைவரைக் கழற்றும் ரிமூவ் ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்று வையுங்கள். முன்பு இன்டரப்டை விட்டுவிட்டுத்தான் கிளாக் நின்றது. இப்போது கிளாக் நின்ற பிறகும் இன்டரப்ட் உயிரோடிருக்கிறது. அந்த நொடியில் ஒன்று வந்தால் அதைக் கவனிக்கும் ஃபங்ஷன் உறங்கும் சாதனத்தைத் தொடும். சில சிப்களில் இயந்திரமே உறைந்துபோகும். பேட்ச்சிலோ நான்கு வரி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வரிசை மாறியது அதில் எங்குமே எழுதியிருக்காது.

பேட்ச்சில் இடும் 'சைன்ட்-ஆஃப்-பை' 2004-இல் வழக்கத்துக்கு வந்தது. எழுதியவருக்கு அனுப்பும் உரிமை உண்டு என்பதற்கான கையொப்பம் அது. பிறகு வந்த 'ரிவ்யூட்-பை' படித்தவரின் கையொப்பம். பிழையே இல்லை என்று அது உத்தரவாதம் தருவதில்லை. ஆனாலும் என் பெயரைப் போடுமுன் மாற்றத்துக்கு முந்தைய, பிந்தைய விடுவிப்பு வரிசைகள் இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிட்டுவிடுவேன்.

2023-இல் பீட்டர் ஜில்ஸ்ட்ரா சேர்த்த கார்ட் வசதி, அது எழுதப்பட்ட ஸ்கோப்பை விட்டு வெளியேறும்போது லாக்கைத் தானே திறந்துவிடும். அதையும் கோட்டூவையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீர்கள் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. அதே பாதி மாற்றம், வேறு பெயரில்.

நெட்வொர்க் பிரிவு, வேறு வேலையோடு சேராமல் தனியாக வரும் டெவ்எம் மாற்றங்களை ஊக்குவிப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. படிப்பவரின் நேரத்தை நினைத்தால் நியாயம்தான். எனக்கு முழுச் சம்மதமில்லை. அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ போன்றவர்கள் கெர்னல் ஜானிட்டர்ஸ் என்ற சுத்தப்படுத்தும் திட்டத்தை நடத்திய காலத்திலிருந்து, புதியவர்கள் உள்ளே வந்த வாசல் இத்தகைய சின்னச் சுத்தங்கள்தான். அதனால் இப்படியொரு பேட்ச்சை நான் திருப்பி அனுப்பும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்து அனுப்புகிறேன்: ரிமூவ் முடியும்போது எது முதலில் போகிறது? இந்தச் சாதனத்தை வைத்து ஓட்டிப் பார்த்தீர்களா, வெறும் கம்பைல் மட்டும்தானா?