மேல்மலைப் பிள்ளையின் வாசிப்பும் உலக அளவுகோலும்

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டுதான் பெயர்போன விளைச்சல். ‘பூண்டு காய்ந்துகொண்டிருக்கிறது’ என்று அங்குள்ள இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசித்தால் கணக்கில் இரண்டு சொல். ஆங்கிலத்தில் அதே செய்திக்கு நான்கு சொல் வேண்டும். தமிழில் அந்த இரண்டாம் சொல்லில் மட்டும் பன்னிரண்டு எழுத்துகள். 2006 முதல் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய ‘எக்ரா’ என்ற தொடக்க வகுப்பு வாசிப்புத் தேர்வோ, குழந்தை நிமிடத்துக்கு எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசிக்கிறது என்று எண்ணுகிறது. மொழிவிட்டு மொழி அந்த எண்ணை ஒப்பிட்டால் தமிழ்ப் பிள்ளை மந்தமாகவே தெரியும்.

வேகத்தை எண்ணுவதில் உள்ள இந்தக் கோளாறு, பொது அளவுகோலே கூடாது என்பதற்குச் சான்றாகாது. யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனமும் புரூக்கிங்ஸ் நிறுவனமும் 2012இல் கூட்டிய கற்றல் அளவீட்டுப் பணிக்குழுவுக்குப் பின், 2015இல் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளின் 4.1.1ஆம் குறியீடு, வாசிப்பிலும் கணிதத்திலும் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் விகிதத்தைக் கேட்கிறது. அந்தத் தேர்ச்சியைத் திறனாக விவரித்தது சரியான திசை: எளிய பத்தியை வாசித்து, அதில் வெளிப்படையாக உள்ள செய்தியை எடுத்துச் சொல்வது. உடன்பாடு இந்தத் திறனில் இருக்கட்டும். பத்தியையும் சொற்களையும் அந்தந்த மொழி தீர்மானிக்கட்டும்.

பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசாவின் ‘2009+’ சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலின் அடியில் நின்றன. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற குறை எழுந்தது. அடுத்த சுற்றுகளில் இந்தியா சேரவில்லை. குறையில் உண்மை உண்டு. ஆனாலும் விலகியது தவறு என்றே கருதுகிறேன். வினாவைத் திருத்தும் இடத்தில் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உள்நாட்டில் 2005இல் தொடங்கிய பிரதம் தொண்டு நிறுவனத்தின் ‘அசர்’ வாசிப்பு ஆய்வு, திறன் பொது, பத்தி தனி என்ற வழியைக் காட்டியது. எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகள் எல்லா மொழிக்கும் ஒன்று. பனுவல் மட்டும் மொழிக்கு மொழி வேறு. வீட்டுக்கே போவதால் பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வருகிறது. ஆனால் மாவட்டத்துக்கு 30 ஊர், ஊருக்கு 20 வீடு என்பது அதன் மாதிரி. கொடைக்கானல் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளி ஊர்களுக்கு நடுவே மலையூர்கள் எத்தனை விழும்? மாவட்ட விகிதம் உயர்ந்தாலும் மேல்மலையிலும் தாண்டிக்குடிப் பக்கத்துக் கீழ்மலையிலும் என்ன நடந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

இம்மலைகளின் பழங்குடியினரான பளியர் குடியிருப்புப் பிள்ளையிடம் சிக்கல் இன்னும் ஆழமானது. வீட்டுப் பேச்சு ஒன்று, பாடநூல் தமிழ் வேறு. வாசித்ததன் பொருளைப் பாடநூல் தமிழிலேயே சொல்லச் சொன்னால் இரண்டு தேர்வுகளை ஒன்றாக்கி ஒரே மதிப்பெண் போடுகிறோம். வாசிப்பது பாடநூல் தமிழில் இருக்கட்டும். விடையைத் தன் பேச்சில் சொல்ல விட்டு, அந்தப் பேச்சறிந்த ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். மலையூர்களைத் தனி அடுக்காகப் பிரித்து மாதிரி எடுக்க வேண்டும். உலக உடன்பாட்டின் விதிகளில் இவ்விரண்டையும் எழுதிச் சேர்க்கலாம்; எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம்.