பெட்டி சுருங்கிய கதை: மெரினா முதல் நம் ஹால் வரை



சென்ற பொதுக்குழுவில் தண்ணீர்ப் பிரச்சினைக்கு அடுத்து அதிக நேரம் பேசியது ஹோம் தியேட்டர் சத்தத்தைப் பற்றித்தான். மேல்வீட்டில் படம் ஓடினால் தன் வீட்டு அலமாரிப் பாத்திரம் அதிர்கிறது என்றார் ஒருவர். "நான் சத்தமாகவே வைப்பதில்லையே" என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் உண்மைதான். அது எப்படி என்று தெரிய, இந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த வழியைப் பாருங்கள்.

இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படையை 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்டார்கள். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருள் அசைய, கூம்பு காற்றைத் தள்ளும். நூறு வருடமாகியும் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

சென்னையில் ஒலிபெருக்கி முதலில் ஊர்ப் பொதுச்சொத்தாக இருந்தது. 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நின்றபின் 1930-ல் மாநகராட்சி ஏற்று நடத்தியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் மாலையில் மெரினாவுக்குப் போய் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அக்காலத்தில் ஆழ்ந்த ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும். 1954-ல் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டி செய்து, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் ஆகியோர் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதற்குக் கணக்கே வகுத்துவிட்டார்கள். ஃபிளாட்டுக்குள் நல்ல ஒலி நுழைந்தது இப்படித்தான்.

சினிமா ஆசையைக் கூட்டியது. 1986-ல் 'மாவீரன்' 70 எம்எம்மில் ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 2012-ல் 'சிவாஜி' முப்பரிமாணப் படம் சென்னை சத்யம் திரையரங்கில் டால்பி அட்மாஸில் ஒலித்தது. அதையே வீட்டிலும் கேட்க நினைக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம். முன்பக்கம் இடம், வலம், நடு ஆகிய மூன்று ஸ்பீக்கரும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் திரையில் நடந்து போகிறவரின் குரல் பாதி வழியில் மாறும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவதால் அதில் சிக்கனம் வேண்டாம். அடுத்து, ஆம்ப்ளிஃபயர் தாங்கும் ஓம் அளவைப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓமைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும். கடைசியாக, வாட்ஸை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 87 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸில் தந்துவிடும்.

இனி அந்தப் பாத்திரத்துக்கு வருவோம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 8.5 மீட்டர். திரைச்சீலையோ தரைவிரிப்போ அதைத் தடுக்காது. சுவரும் தளமும் சேர்ந்தே அதிரும். பேச்சு வெளியே கேட்காது, சப்வூஃபர் மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால்தான் வைத்தவருக்குக் குறைவாகவும், கீழே படுத்திருப்பவருக்கு அதிகமாகவும் தெரிகிறது.

சப்வூஃபரைச் சுவர் மூலையிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் மேட் மேல் வையுங்கள். ஆம்ப்ளிஃபயரில் இரவு நேர அமைப்பு இருந்தால் பயன்படுத்துங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு.

விதியை விடுங்கள். அனல்மின் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவர்கள் நம்மிடையே உண்டு. புது செட் வாங்கியதும் ஒருமுறை கீழ்வீட்டுக்காரரை அழைத்து, அவர் வீட்டிலேயே நின்று கேட்டுப் பாருங்கள். சரியான அளவு அங்கேதான் தெரியும்.