ஒரு மில்லிவாட், இரண்டு தொழில்கள்

டெசிபல் என்றதும் இன்று பலருக்கும் ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பிறந்த வீடு தொலைபேசி. அமெரிக்காவில் பெல் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு லைனில் குரல் எவ்வளவு தேய்கிறது என்பதை முதலில் 'இத்தனை மைல் கேபிள்' என்றே கணக்கிட்டார்கள். அதிர்வெண் மாறினால் கேபிளின் இழப்பும் மாறியதால், அந்தக் கணக்கு நிலைகொள்ளவில்லை. 1920களில் மடக்கையை வைத்து எல்லா அதிர்வெண்ணுக்கும் பொதுவான அலகு ஒன்றை வகுத்து, அதற்கு கிரகாம் பெல்லின் பெயரை இட்டார்கள். ஒலிப்பதிவுத் துறை அந்த அலகைத் தொலைபேசியிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் அதை வைத்து வேறொரு கேள்வியைக் கேட்டது.

தொலைபேசியின் கேள்வி, வழியில் எவ்வளவு போயிற்று என்பது. ஒரு முனையில் 1 மில்லிவாட் தொனியைச் செலுத்துவார்கள். மறுமுனையில் மீட்டர் −7 காட்டினால் லைன் 7 டெசிபலை விழுங்கியிருக்கிறது. 600 ஓம் சுமையில் 1 மில்லிவாட் என்றால் 0.775 வோல்ட். இரு முனைகளிலும் மின்மறுப்பு பொருந்தியிருக்கும் லைனில் திறனை அளப்பதே சரி. இன்றைய ஸ்டூடியோவில் அப்படியில்லை. மிக்ஸரின் வெளியீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு, அடுத்த கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு அதிகம். திறன் கைமாறுவதே சொற்பம். ஆகவே வோல்ட்டை மட்டும் பார்க்கிறார்கள். 600 ஓம் போய்விட்டது, 0.775 மட்டும் டிபியு அளவின் சுழியாக நிற்கிறது. காரணம் மறைந்த பிறகும் எண் பிழைத்திருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பழைய கருவியும் புதியதும் இன்றும் பேசிக்கொள்ள முடிவது அதனால்தான்.

ஸ்டூடியோவின் கேள்வி, தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிச்சம் என்பது. மேளத்தில் ஓர் அடி விழுந்தால் உச்சம் சராசரியைவிட வெகுதூரம் துள்ளும். 1939இல் பெல் ஆய்வகமும் இரண்டு அமெரிக்க வானொலி நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த வியூ மீட்டரின் முள் ஏறி நிலைக்க ஏறக்குறைய 300 மில்லிவிநாடி ஆகும்; அந்தத் துள்ளலை அது பார்ப்பதேயில்லை. அதனால் டிஜிட்டல் ஒலியில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் சோதனைத் தொனியை உச்ச வரம்புக்கு 18 டெசிபல் கீழேயும், அமெரிக்கர்கள் 20 டெசிபல் கீழேயும் வைக்கிறார்கள். டிஜிட்டல் தொலைபேசியிலோ 0 அளவுத் தொனிக்கு மேல் இருக்கும் இடம் 3 டெசிபலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அது போதும், ஏனென்றால் சாதாரணப் பேச்சின் சராசரி அந்தத் தொனிக்கு வெகு கீழேயே ஓடுகிறது. இரண்டு இடத்திலும் எழுதப்படுவது சுழிதான். ஆனால் ஒன்று கூரையை ஒட்டி நிற்கிறது, மற்றது நடுக்கூடத்தில் நிற்கிறது. நேரடி ஒலிபரப்பில் தொலைபேசி அழைப்பை இணைப்பவர் இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே ஆக வேண்டும்.

அதிர்வெண் விஷயத்தில் மட்டும் இரு தொழில்களும் ஒரே சிக்கலில் மாட்டின. தொலைபேசி, குரலை விநாடிக்கு 8000 முறை மாதிரி எடுக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் தொனி கொடுத்தால் அலையின் ஒரு சுற்றுக்கு எட்டே மாதிரிகள். அதே எட்டுத்தான் திரும்பத் திரும்ப வரும். 'டிஜிட்டல் மில்லிவாட்' என்று தரப்படுத்தப்பட்ட வரிசையைப் பிரித்துப் பார்த்தால் எட்டு எண்களில் இருப்பவை இரண்டே அளவுகள், நேர்க்குறியோடும் எதிர்க்குறியோடும். குறியீடுகள் மொத்தம் 256, சோதிக்கப்படுபவை நான்கு. மீதி 252இல் எது பழுதாகியிருந்தாலும் மீட்டர் நலம் என்றே சொல்லும். அதனால் அமெரிக்கர்கள் 1004 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தார்கள். அப்போது வரிசை திரும்பி வர 2000 மாதிரிகள் ஆகும். சர்வதேச லைன்களில் 1020 பரிந்துரைக்கப்பட்டது.

ஸ்டூடியோ அளவீட்டில் மறுபக்கம் நகர்ந்து 997ஐ எடுத்தார்கள். இது இன்னும் நேர்த்தியான தேர்வு என்பது என் கருத்து. 997 பகா எண். விநாடிக்கு 48000 மாதிரி என்றால், அந்த ஒரு விநாடி முழுதும் அலையின் எந்தப் புள்ளியையும் மாதிரி இரண்டாம் முறை தொடாது.